அபி கட்சியா, ஆதி கட்சியா?



வழக்கமாக இந்த மடலில் நான் எழுதுவது பராமரிப்புக் கட்டண வரவு செலவும், தண்ணீர் லாரிக் கணக்கும்தான். வங்கியில் முப்பத்தெட்டு வருடம் எழுத்தராக இருந்தவனிடம் வேறு என்ன எதிர்பார்ப்பீர்கள்? இந்தக் காலாண்டில் மட்டும் கொஞ்சம் தடம் மாறி, சீரியல் பற்றி எழுத அனுமதி கேட்டேன். செயலாளர் சிரித்துக்கொண்டே சரி என்றார். நீங்களும் சிரித்துவிட்டுப் படியுங்கள்.

காரணம் இதுதான். போன மாதம் ஒரு சாயங்காலம், வாசல் பக்கத்துக் கல் பெஞ்சில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் ‘கோலங்கள்’ தொடருக்கு வந்தது. அபி தன் அக்கா என்பது ஆதிக்கு எப்போது தெரிந்தது என்று ஒருவர் கேட்டார். அவ்வளவுதான். பி பிளாக் அம்மா ஒருவர் ஒன்று சொன்னார். ரயில்வேயில் ஓய்வு பெற்ற நண்பர் அதை அடியோடு மறுத்தார். “என் பெண்ணுக்கு வளைகாப்பு நடந்த வாரம் சார் அந்தக் காட்சி வந்தது, எனக்குத் தெரியாதா?” என்றார் அந்த அம்மா. “நான் அப்போ நைட் ஷிப்ட், மறுநாள் காலையில் என் சம்சாரம் கதை சொன்னது இன்னும் காதில் இருக்கு” என்றார் நண்பர். ஒரு மணி நேரம் ஆகியும் தீர்ப்பு வரவில்லை. கொசு வந்தது, எல்லோரும் எழுந்து போனோம்.

தொடர் முடிந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் வந்த இரண்டு பேரின் பகைக்காக, பேரன் பேத்தி எடுத்தவர்கள் முகம் சிவக்கப் பேசுகிறோம். இது வெறும் பொழுதுபோக்குதானா என்று அன்றிரவு யோசித்தேன். யோசிக்க யோசிக்க, நமக்கு இது புதிய பழக்கமே இல்லை என்று தோன்றியது.

கூத்துக்களத்திலிருந்து தொடர்கதை வரை

நம் அரக்கோணம் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் தெரியும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன். சின்ன வயதில் பாய் சுருட்டிக்கொண்டு கூத்துப் பார்க்கப் போவோம். மறுநாள் காலை டீக்கடையில் பெரியவர்கள் பேசுவது ஆட்டம் நன்றாக இருந்ததா என்பது பற்றி அல்ல. கர்ணன் செய்தது சரியா, குந்தி செய்தது சரியா என்றுதான். கதை முடிவு எல்லோருக்கும் தெரியும். நூறு தடவை பார்த்தது. ஆனாலும் வழக்கு ஒவ்வொரு வருடமும் புதிதாக நடக்கும். தம்பிகளென்று தெரிந்த பிறகும் கர்ணன் எதிர்ப்பக்கம் நின்றானே என்பார் ஒருவர். பிறந்தவுடன் ஆற்றில் விட்டுவிட்டு, போர் வந்தபின் போய் மகனே என்றால் எப்படி என்பார் இன்னொருவர்.

அடுத்து வந்தது பத்திரிகைத் தொடர்கதை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்தது. என் அப்பா அதை வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவாராம். நந்தினி யார் மகள், ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற சண்டை அன்று தொடங்கியது. 2022-லும் 2023-லும் படமாக வந்தபோது நம் மாடி வீடுகளில் மறுபடியும் நடந்தது. கதாசிரியர் முடிச்சைத் தளர்வாக விட்டுவிட்டுப் போனார். எழுபது வருடமாக வாசகர்கள் அதை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெட்டி வந்த கதை

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். அரக்கோணத்தில் படம் தெரிய மொட்டை மாடியில் உயரமாகக் கம்பம் நட்டு ஆன்டெனா கட்ட வேண்டும். காற்றடித்தால் ஒருவர் மேலே நின்று திருப்ப, கீழே இருந்து ஒருவர் “போதும், போதும்” என்று கத்துவார்.

இந்தியாவின் முதல் நீள்தொடர் இந்தியில் வந்த ‘ஹம் லோக்’. 1984 ஜூலையில் தொடங்கி 1985 டிசம்பரில் முடிந்தது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து கதையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். மெக்சிகோ நாட்டில் எழுத்தறிவையும் குடும்பக் கட்டுப்பாட்டையும் தொடர்கதை மூலம் பரப்பிய முறையைப் பார்த்துச் செய்யப்பட்டது அது. பார்த்தவர்கள் அறிவுரையை எவ்வளவு எடுத்துக்கொண்டார்களோ, பாத்திரங்களைத் தங்கள் வீட்டு மனிதர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். கடிதங்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. பட்கி என்ற மூத்த பெண்ணின் கல்யாண விஷயத்தில் ஊரே யோசனை சொன்னது.

தமிழில் கே. பாலசந்தர் தூர்தர்ஷனுக்காக ‘ரயில் சிநேகம்’ எடுத்தார். ரயில் ஊர்க்காரர்களான நமக்கு அந்தப் பெயரே பாதி வெற்றி. பிறகு 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் ‘மர்ம தேசம்’ வரிசையில் ‘விடாது கருப்பு’ ஓடியபோது, கருப்பு யார் என்று பந்தயம் கட்டாத அலுவலகம் கிடையாது. எங்கள் கிளையிலும் கட்டினார்கள். கேஷியர் தோற்று எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

வாரத்தில் ஒரு நாள் என்றிருந்தது தினமும் என்று ஆனபோதுதான் கதையே மாறியது. 1999 இறுதியில் தொடங்கி 2001 வரை ஓடிய ராதிகாவின் ‘சித்தி’யை நினைத்துப் பாருங்கள். கதைகளில் சித்தி என்றால் கொடுமைக்காரி என்பதே வழக்கம். அந்தச் சொல்லையே திருப்பிப் போட்டது அது. பிறகு 2002-ல் திருமுருகன் இயக்கிய ‘மெட்டி ஒலி’. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக டெல்லி குமார் நடித்தார். சரோவும் அவள் மாமியார் ராஜமும் மோதிய நாட்களில், எங்கள் தெருவில் உண்மையான மாமியார்கள் கொஞ்சம் அடக்கமாக இருந்தார்கள் என்று சொல்வார்கள். 2020 ஊரடங்கில் அதே தொடரை மறுபடி ஒளிபரப்பியபோது, நாம் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தும், பால்கனிக்குப் பால்கனி சரோ வழக்கு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

உலகம் முழுக்க இதே கதைதான். அமெரிக்காவில் 1930-களில் பகல்நேர வானொலித் தொடர்களுக்கு சோப்பு கம்பெனிகள் விளம்பரம் கொடுத்ததால்தான் ஆங்கிலத்தில் இவற்றுக்கு ‘சோப்’ என்றே பெயர். இங்கிலாந்தில் 1960 டிசம்பரில் தொடங்கிய ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ இன்றும் ஓடுகிறது. அதில் கென் என்ற கணவனுக்கும் மைக் என்ற போட்டிக்காரனுக்கும் நடுவே டெய்ட்ரி என்ற பெண் யாரைத் தேர்ந்தெடுப்பாள் என்று நாடே காத்திருந்தது. 1983 பிப்ரவரியில் அவள் கணவனோடு இருக்க முடிவு செய்த இரவு, மான்செஸ்டரில் கால்பந்துப் போட்டி நடந்துகொண்டிருந்த மைதானத்தின் ஸ்கோர் பலகையில் அந்த முடிவைப் போட்டார்கள். நம் கல் பெஞ்சுக்கு ஸ்கோர் பலகை ஒன்றுதான் குறைவு.

அபியும் ஆதியும்

‘கோலங்கள்’ 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்தது. ஆறு வருடம், ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பகுதிகள். திருச்செல்வம் இயக்கியதோடு, ‘தொல்ஸ்’ என்று எல்லோரும் அழைத்த தொல்காப்பியனாகவும் நடித்தார். தேவயானி அபி, அஜய் கபூர் ஆதி.

இளையவர்களுக்காக இரண்டே வரியில் கதை: ஈஸ்வரமூர்த்தி என்ற பணக்காரர், முதல் மனைவி கற்பகத்தையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு வேறொரு குடும்பம் அமைத்துக்கொள்கிறார். விட்டுப்போன வீட்டைச் சுமக்கும் மூத்த பெண் அபி. செல்வத்தில் வளர்ந்த மகன் ஆதி. இருவரும் கட்டடத் தொழிலில் எதிரெதிரே நிற்கிறார்கள்.

அந்த வருடங்களில் எனக்கு ஆம்பூர் கிளையில் வேலை. அரக்கோணத்திலிருந்து வாலாஜா ரோடு, காட்பாடி, குடியாத்தம் வழியாக ரயில். பெட்டி முழுக்க ஷூ கம்பெனிக்கும் தோல் தொழிற்சாலைக்கும் போகும் பெண்கள். டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே “நேத்து பார்த்தியா?” என்று தொடங்கிவிடும். பார்க்காதவர்களுக்குப் பார்த்தவர்கள் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் செல்பேசியில் போட்டுப் பார்க்க வழி இல்லை. விட்டது விட்டதுதான். 2008 வாக்கில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது, குடியாத்தத்தில் கரண்ட் போன நேரத்தில் ஆம்பூரில் இருந்தது; ஆம்பூரில் போனபோது வாணியம்பாடியில் இருந்தது. ஆளுக்கொரு துண்டு பார்த்தவர்கள் மறுநாள் ரயிலில் உட்கார்ந்து முழுக்கதையை ஒட்டினார்கள். நம் பெஞ்சுச் சண்டைக்கும் இதுதான் வேர் என்று நினைக்கிறேன். நாம் எல்லோரும் பார்த்தது ஒரே ‘கோலங்கள்’ அல்ல. ஒவ்வொருவரும் விட்ட பகுதிகள் வேறு. அந்த இடத்தை நிரப்பிச் சொன்ன ஆளும் வேறு.

அந்தப் பெட்டியில் இரண்டு கட்சிகள் இருந்தன. அபி கட்சி பெரிது. அப்பா விட்டுப்போன வீட்டைத் தூக்கி நிறுத்தியவள், கட்டிய கணவன் பாஸ்கரிடமும் சுகப்படாதவள் என்று அவர்கள் உருகுவார்கள். ஆதி கட்சியில் ஆட்கள் குறைவு. ஆனால் வாதம் கூர்மையாக இருக்கும். அவன் செய்த அக்கிரமங்களை யாரும் நியாயப்படுத்தவில்லை. “தனக்கு முன்னாடியே ஒரு குடும்பம் இருந்ததை அவன்கிட்ட மறைச்சது யாரு? அவனா கேட்டான், இரண்டாவது வீட்டுல பொறக்கணும்னு?” என்று கேட்பார்கள். இதைக் கேட்டபோது எனக்குக் கூத்துக்களத்துக் கர்ணன் நினைவுக்கு வந்தான். அங்கே மறைத்தவள் தாய், இங்கே மறைத்தவர் தகப்பன். பெரியவர்கள் மூடிவைத்ததைப் பிள்ளைகள் பகையாகச் சுமக்கிறார்கள்.

நான் ஆதி கட்சி. வெளிப்படையாகவே.

சட்டம் என்ன சொன்னது

வங்கியில் இந்தக் கதையை நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். கணக்கு வைத்திருந்தவர் இறந்துபோவார். திங்கட்கிழமை ஒரு குடும்பம் இறப்புச் சான்றிதழோடு வரும். புதன்கிழமை இன்னொரு குடும்பம் அதே சான்றிதழின் நகலோடு வரும். இரண்டு பக்கமும் பிள்ளைகள். இரண்டு பக்கத்திலும் அதே மூக்கு. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று நாங்கள் கேட்க முடியாது. வாரிசுச் சான்றிதழ் எங்கே என்றுதான் கேட்போம்.

சென்னை மாகாணத்தில் 1949 சட்டமே இந்து ஆண் இரண்டாம் தாரம் கட்டுவதைத் தடுத்துவிட்டது. 1955 இந்து திருமணச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் ஆக்கியது. முதல் மனைவி உயிரோடிருக்க, விவாகரத்தும் இல்லாமல் செய்த இரண்டாவது கல்யாணம் செல்லாது. ஆனால் அதில் பிறந்த பிள்ளைகளைச் சட்டம் தெருவில் விடவில்லை. பெற்றோர் சொத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் அந்தத் தகப்பனுக்குச் சேர வேண்டிய பங்கிலும் அவர்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பர் 1 அன்று சொன்னது. ஆதி கட்சிக்கு அது ஒரு பாயிண்ட்.

இப்போது அபி பக்கம். தகப்பன் சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்ட சொத்தில் மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவு என்பது 1956-லேயே வந்துவிட்டது. பூர்வீகக் கூட்டுச் சொத்தில் மகளுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989-ல் கொடுத்தது. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது இல்லை. மத்தியச் சட்டம் 2005 செப்டம்பர் 9 முதல் அந்த வேலியையும் எடுத்தது. இன்னொரு வேலியும் அன்றுதான் போனது. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் மகளுக்குப் பங்கு இருந்தாலும், ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும் வரை அவள் பிரித்துக் கேட்க முடியாது என்று ஒரு பிரிவு இருந்தது. அதை நீக்கினார்கள். அபியும் ஆதியும் திரையில் மோதிக்கொண்டிருந்த இரண்டாவது வருடம் அது. ரயில் பெட்டியில் சட்டப்பிரிவு எண் யாருக்கும் தெரியாது. ஆனால் “பொண்ணுக்கு இல்லையா பங்கு?” என்ற கேள்வி அபியின் பெயரால் தினமும் கேட்கப்பட்டது. தன் அண்ணன் பெயரைச் சொல்லிக் கேட்க முடியாததை ஆதியின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள்.

இதை இவ்வளவு உறுதியாக நான் சொல்லக் காரணம் உண்டு. என்னிடமே அப்படிக் கேட்கப்பட்டது.

இருட்டில் ஒரு கேள்வி

எனக்கு ஒரே அக்கா. குடியாத்தத்தில் வாழ்க்கைப்பட்டவர். கிளையில் கணக்கு முடிக்கும் நாட்களில் நேரமாகிவிட்டால் நான் அவர் வீட்டில் தங்கிவிடுவேன். 2008-ல் அப்படி ஒரு இரவு. ‘கோலங்கள்’ ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் கரண்ட் போயிற்று. இருட்டில் உட்கார்ந்து நான் வழக்கம்போல ஆதிக்காக வாதாட ஆரம்பித்தேன். உரிமை, நியாயம், மறைத்தவர் குற்றம் என்றெல்லாம் பேசினேன். அக்கா மெழுகுவர்த்தியைத் தேடிக்கொண்டே கேட்டார்.

“ஏண்டா, ஆதிக்கு இவ்வளவு பேசறியே. அபிகிட்ட ஒரு விடுதலைப் பத்திரத்தை நீட்டி, இங்க கையெழுத்துப் போடு அக்கான்னு சொன்னா, அவ போட்டிருப்பாளா?”

எங்கள் அப்பா ரயில்வே ஊழியர். பி.எப். பணத்தையும் கடனையும் போட்டு அரக்கோணத்தில் ஒரு வீடு கட்டினார். 1997-ல் உயில் எழுதாமல் காலமானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். சட்டப்படி அந்த வீட்டில் அக்காவுக்குப் பாதி. பி.காம் படித்தவன், தினமும் வாரிசுச் சான்றிதழ் சரிபார்த்தவன், எனக்கு அது தெரியாதா? தெரியும். “வீட்டை என் பேருக்கு மாத்தணும், ஒரு கையெழுத்து வேணும்” என்று மட்டும் சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். உனக்குப் பாதி உண்டு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அக்கா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து இருவரும் காபி குடித்தோம். பதினொரு வருடம் அவர் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அவருக்குத் தெரியாது என்று நான் நினைத்திருந்தேன்.

கரண்ட் வந்தது. சீரியல் முடிந்து விளம்பரம் ஓடியது. அக்கா எழுந்துபோய் எனக்குத் தோசை வார்த்தார். நான் சாப்பிட்டேன். பதில் சொல்லவில்லை.

மறுநாள் ரயிலில் ஆதி கட்சிக்காக நான் வாயைத் திறக்கவில்லை. மறைத்தவர் குற்றம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், மறைத்தவன் நான்தான் என்பதைப் பார்த்திருக்கவில்லை. அந்தக் கணக்கை நேர் செய்ய எனக்கு மேலும் இரண்டு வருடம் ஆயிற்று. அந்த வீட்டை விற்றபோது அக்காவின் பாதியை அவர் பெயருக்கே வரைவோலையாக எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மீதியில் கடன் வாங்கிச் சேர்த்துத்தான் இங்கே இந்தப் பிளாட்டை வாங்கினேன். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. “சரி, வை” என்றார். அவர் வேண்டாம் என்று சொல்வார் என எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அதனால்தான், பெஞ்சில் யாராவது “பழைய சீரியலுக்கா இவ்வளவு சண்டை?” என்று சிரித்தால் எனக்கு முழுசாகச் சிரிப்பு வருவதில்லை. அபி, ஆதி, சரோ, ராஜம், கர்ணன், குந்தி என்று யார் பெயரையோ சொல்லிப் பேசுகிறோம். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு நம் வீட்டு விஷயத்தையும் பேச முடிகிறது. சொந்தப் பெயரைச் சொல்லிப் பேசியிருந்தால் அன்றிரவு எங்கள் வீட்டில் தட்டு பறந்திருக்கும். அக்கா அபி பெயரைச் சொன்னதால் தோசையோடு முடிந்தது.

எழுத்தராகவே ஒரு விண்ணப்பம். உங்கள் வைப்புத்தொகையில் நாமினி போட்டாயிற்று, எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்கிறவர். வாரிசுகளின் உரிமை அதனால் போய்விடாது. யாருக்கு என்ன என்பதை உயிரோடு இருக்கும்போதே, பெண் பிள்ளைகளையும் உட்காரவைத்து, வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுதியும் வையுங்கள். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். போடாதீர்கள்.

கடைசியாக, பெஞ்சு வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. ஆதிக்கு எப்போது தெரிந்தது என்பதற்கு உங்களிடம் சாட்சியம் இருந்தால், அந்த வாரம் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். அடுத்த மடலில் தொகுத்துப் போடலாம். அக்காவும் வரும் ஞாயிறு இங்கே வருகிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி, லிப்ட் வேலை செய்தால் நல்லது என்று செயலாளருக்குச் சொல்லிவைக்கிறேன். போன வாரம் தொலைபேசியில் இந்தப் பஞ்சாயத்தைச் சொன்னேன். “பாவம்டா ஆதி, அவன் என்ன பண்ணுவான்” என்றார். விடுவேனா? அபிக்காக அரை மணி நேரம் வாதாடிவிட்டுத்தான் வைத்தேன்.